நீங்கள் வைத்த சீல்

5ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

பதினான்கு வருடமாக உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதத்துக்கென்று புதிதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன். எதை எழுதினாலும் வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது. அதனால் வாயில் வருவதையே எழுதிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நான், பெரியவள், சின்னவள், உங்கள் தம்பி எல்லோரும் நலம். வண்டிதான் நலமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல நினைத்தேன். உங்கள் சுரங்க ஆபீஸ் போனில் நமக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போய்விடுகிறது. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் இருமுவதுகூட எனக்குக் கேட்கிறது. இதில் டிராக்டரின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைப் பற்றி எங்கே பேசுவது? அதனால் உங்கள் பட்டறைக்கு ஸ்பேர் ஏற்றிக்கொண்டு செவ்வாய்தோறும் கிளம்பும் லாரிக்கார அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். பதில் எழுதி அவரிடமே கொடுத்தால் வெள்ளிக்கிழமை என்னிடம் இருக்கும்.

விஷயம் இதுதான். வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா ஓட விட்டால், ஒரே சீராக ஓடமாட்டேன் என்கிறது. யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே டுர்ர்ர் என்று ரேஸ் ஏறுகிறது. பிறகு அணையப் போவது போல டொக் டொக் என்று இறங்குகிறது. அணையாமல், திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தது போல மறுபடி ஏறுகிறது. நாள் முழுக்க இதே கூத்து. நீங்கள் கிளம்பிப் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டது. ட்ரெய்லர் இழுக்கும்போது அவ்வளவாகத் தெரியாததால் உங்கள் தம்பி சும்மா ஓடும் ஐடிலிங் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து மூன்று மாதம் ஒப்பேற்றிவிட்டார். இப்போது மழை பெய்து மண் பதமாகிவிட்டது. கலப்பையை இறக்கினால் வண்டி பத்தடி பாய்கிறது, பத்தடி முக்குகிறது. உழுத இடம் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் நகத்தால் கீறியது மாதிரியும் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு மணிக்கு ஒரு அபிப்பிராயம். காலையில் மட்டமான டீசல் என்றார். பத்து மணிக்கு நாசில் என்றார். சாப்பிட உட்காரும்போது, வண்டிக்கு வயதாகிவிட்டது, மனிதனுக்கு வருகிற மாதிரி படபடப்பு வந்திருக்கிறது என்றார். சாப்பிட்டு எழுந்தபின் எந்த அபிப்பிராயமும் இல்லாமல் தூங்கிவிட்டார்.

பிறகு மெக்கானிக் ‘சுத்தியல்’ வந்து பார்த்தார். நீங்கள் அவருக்கு வைத்த அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். வந்த மனிதர் வாயைத் திறப்பதற்கு முன்னால் டேங்கில் இரண்டு தட்டு, ஃபில்ட்டரில் இரண்டு தட்டு, பைப்பில் ஒரு தட்டு. ஆனால் கவர்னர் இருக்கும் டீசல் பம்ப்பின் பக்கம் வந்ததும் சுத்தியலைப் பையில் போட்டுவிட்டார். கவர்னர் மூடியில் கம்பி முறுக்கி, ஈயக் குண்டை நசுக்கி, அதில் உங்கள் சின்ன நட்சத்திர முத்திரையைக் குத்தியிருந்தீர்களே, அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். ‘இது அண்ணன் வச்ச சீல். இதுக்குள்ள தப்பு இருக்காது. வேற எங்கயாவது பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கள் சீலுக்கு இருக்கும் மரியாதையில் பாதி எனக்கு இந்த வீட்டில் இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

சின்னவள் செய்ததையும் சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, வகுப்பில் போய் ‘எங்க வீட்ல கவர்னர் சரியில்ல, சித்தப்பாவும் அம்மாவும் தினம் திட்டுறாங்க’ என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளை முன்னால் அரசியல் பேச வேண்டாமே என்றார். நான் டிராக்டரைப் பற்றி விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் இப்போது பல் விளக்கும்போதுகூட வண்டி மாதிரியே சத்தம் போடுகிறாள். ஏறி, இறங்கி, ஏறி.

அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று சமையலறை டப்பாக்களை எல்லாம் கழுவி வெயிலில் காயவைத்தேன். அதற்கு முந்தின நாளும் அதையேதான் செய்தேன் என்று பெரியவள் சொன்னாள்.

அந்த வேலை விஷயம். மூன்று மாதம் முடிகிறது, இருபதாம் தேதிக்குள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடத்துக்கு நிரந்தரம், வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு என்று போனில் சொன்னீர்கள். போடாவிட்டால் கிளம்பி வந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னீர்கள். நான் இதில் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் விருப்பம். அங்கே பெரிய டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறது, தனி பம்ப் ரூம் இருக்கிறது. இங்கே நீங்கள் ஊரார் பம்ப்பை ரிப்பேர் பார்க்க வீட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் இருக்கிறது. எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் முடிவு செய்யுங்கள். வண்டிக்கு மட்டும் என்ன செய்வது என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அடுத்தவர்களிடம் நீங்கள் சொல்கிற ‘எங்க வீட்ல’


12ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. ஓரமெல்லாம் கிரீஸ் விரல். பிரித்ததும் வீட்டுக்குள் டீசல் வாசனை வந்தது. சின்னவள் ஓடி வந்து கடிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ‘அப்பா’ என்றாள். நான்தான் ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டேன்.

நீங்கள் எழுதியபடி வரிசையாகப் பார்த்தோம். முதலில் டேங்க் மூடியின் காற்று ஓட்டை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டே வண்டியை ஓட்டிப் பார்த்தோம், மாற்றம் இல்லை. அடுத்தது ஃபில்ட்டர். இரண்டையும் புதிதாக மாற்றினோம். பிறகு டீசலில் காற்று கலக்கிறதா என்று பார்க்க, நீங்கள் சொன்ன மாதிரி கண்ணாடி போலத் தெரியும் குழாயை நடுவில் பொருத்தி, நானும் பெரியவளும் அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழி வரவில்லை. பெரியவளுக்கு ஒரு குமிழியாவது வந்திருக்கலாம் என்று ஏமாற்றம். ஆக்ஸிலேட்டர் கம்பியின் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றில் இருந்தது. பின்னை மாற்றினோம். அதற்கும் மாற்றம் இல்லை. நாசில் நான்கையும் கழற்றி ‘சுத்தியல்’ டெஸ்ட் செய்து கொண்டுவந்தார். நான்கும் பூ மாதிரி தெளிக்கிறதாம்.

ஏறி, இறங்கி, ஏறி. இதை எழுதும்போதும் வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் தம்பி வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது என்ன பதில் சொல்லுமோ தெரியவில்லை.

கடைசியில் நீங்கள் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: ‘பம்ப்பை மட்டும் திறக்காதே. கிளம்புவதற்கு முந்தின நாள்தான் மூடியில் கசிவு இருந்து நானே திறந்து வாஷர் மாற்றி மூடினேன். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது.’ எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இந்த வண்டியில் நாங்கள் கை வைக்காத இடம் இப்போது அது ஒன்றுதான்.

ஒன்றரைப் பக்கம் பம்ப்பைப் பற்றி எழுதிவிட்டு, கடிதம் முடிகிற இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ‘இருபதாம் தேதி ஆபீஸ் திறந்ததும் ஃபாரத்தைக் கொடுக்க வேண்டும். உனக்குச் சம்மதம்தானே?’

அந்த ‘தானே’வை யார் போடச் சொன்னது? சம்மதமா என்று கேட்டிருந்தால் நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன். சம்மதம்தானே என்றால் கேள்வியும் உங்களுடையது, பதிலும் உங்களுடையது. எனக்கு அதில் என்ன வேலை? அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

முதலில் போகும்போதும் இப்படித்தான் கேட்டீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பின்வாசல் படியில் சின்னவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து நின்றீர்கள். சட்டைப் பையில் அந்த வேலைக் கடிதம் நான்காக மடித்து இருந்தது. ‘போகட்டுமா?’ என்றீர்கள். மடித்து வைத்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எல்லாம் முடிவு செய்துவிட்டு, பேருக்கு என்னிடம் வந்து கேட்பதாக நினைத்தேன். ‘போங்களேன். யாரு உங்க கையப் புடிச்சு வச்சிருக்கா?’ என்றேன். நீங்கள் சரி என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் மதியம் வரை கொட்டகையிலேயே இருந்தீர்கள். அதற்கு மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

கேட்ட விதத்துக்கு அப்படித்தான் பதில் வரும். நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

பெரியவளுக்குக் கணக்கில் நல்ல மார்க். சின்னவளுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. அதை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். போனில் காட்ட முடியாதே என்று அழுதாள். அடுத்த லீவில் அப்பா வந்து பார்ப்பார் என்றேன். அதற்குள் பல் விழுந்து வேறு பல் முளைத்துவிடும் என்று பெரியவள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். நல்ல மார்க் வாங்குவதில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது.

மண்ணில் இந்த ஈரம் இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்கிறார்கள். அதற்குள் வண்டி சரியாக வேண்டும். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பம்ப் ரூமில் ஏசி இருக்கிறது என்றீர்களே, காதை மூடிக்கொண்டு படுங்கள், சீக்கிரம் சளி பிடிக்கும் உடம்பு உங்களுக்கு.

இப்படிக்கு,
கேள்வி கேட்கப்படாத ‘எங்க வீட்ல’


19ஆம் தேதி, திங்கட்கிழமை

என்னங்க,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். லாரிக்கார அண்ணன் வாசலில் நிற்கிறார். நாளைக்குக் கிளம்ப வேண்டியவரை இன்றைக்கே கிளம்பச் சொல்லி நான்தான் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ‘லோடு ஏத்தியாச்சும்மா, இன்னைக்குப் போனா என்ன, நாளைக்குப் போனா என்ன’ என்றார். நாளைக் காலையில் உங்கள் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் அந்த ஃபாரத்தைத் தொடுங்கள்.

நான் சீலை உடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் பதில் வந்தது. மறுபடியும் ஃபில்ட்டர், மறுபடியும் காற்று, மறுபடியும் ‘பம்ப் சரியாகத்தான் இருக்கும்’. படித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு வாரமாக நாங்கள் அத்தனை பேரும் தப்பை வண்டி முழுக்கத் தேடுகிறோம். ஒரு சின்ன ஈயக் குண்டு இருக்கிற காரணத்துக்காக ஓர் இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறோம். வேறு யாராவது வைத்த சீலாக இருந்தால் முதல் நாளே நீங்கள் அதைத்தான் உடைத்திருப்பீர்கள்.

சனிக்கிழமை காலை வெயில் வந்ததும் ஆரம்பித்தேன். டீசல் டேப்பை மூடிவிட்டு, நீங்கள் செய்வது போலவே முதலில் பம்ப்பின் வெளிப்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். ஒரு தூசி உள்ளே போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். பத்து வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாமான் கழுவிக் கொடுத்தவள் நான். கட்டிங் பிளேயரைக் கம்பியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். உங்கள் தம்பி, ‘அண்ணி, நான் இங்க இல்ல, நான் எதையும் பாக்கல’ என்று சொல்லிவிட்டுக் கொட்டகையின் அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். கம்பி அறுந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

மூடியை மெதுவாகத் தூக்கினேன். உள்ளே இருட்டாக இருந்தது. பெரியவள் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து வெயிலை உள்ளே திருப்பிக் காட்டினாள். எல்லாம் சுத்தமாக மினுங்கியது. துருவில்லை, உடைசல் இல்லை, தேய்மானம் இல்லை. நீங்கள் சொன்னது சரிதான் என்று மூடிவிட இருந்தேன். அப்போதுதான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.

ஸ்பிரிங்கை மாட்டும் அந்த இரும்புக் கையில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா. எந்த ஓட்டையில் ஸ்பிரிங்கை மாட்டுகிறோமோ அதை வைத்துத்தான் கவர்னரின் நிதானம். ஓட்டை மாறினால், வேகம் கொஞ்சம் கூடினாலே டீசலைத் தேவைக்கு மேல் குறைத்துவிடும், குறைந்ததும் பதறிப்போய்த் தேவைக்கு மேல் கொடுத்துவிடும். இதை நீங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். ஸ்பிரிங் மூன்றாவது ஓட்டையில் இருந்தது.

எனக்குச் சந்தேகம். பெரியவளை அனுப்பி நம் நோட்டை எடுத்துவரச் சொன்னேன். ஒவ்வொரு பம்ப்பையும் முடித்ததும் நீங்கள் ‘எழுதிக்கோ’ என்பீர்களே, நான் எழுதுவேனே, அந்த நோட்டு. இரண்டு வருடத்துக்கு முந்தின பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: ‘நம்ம வண்டி. ஓட்டை 1.’ பெரியவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாளின் தேதி இருந்தது. ‘நம்ம வண்டி’ என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுத்து உங்களுடையது. அந்த நோட்டு முழுக்க உங்கள் எழுத்து இருக்கிற பக்கம் அது ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் ‘எழுதிக்கோ’ என்று என்னைக் கூப்பிடவில்லை. நானும் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

பம்ப்பைத் தலைகீழாக வைஸ் இடுக்கியில் பிடித்து எண்ணும்போது ஒன்றும் மூன்றும் இடம் மாறிப்போகும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஒருவேளை அப்படி இருக்குமோ என்று யோசித்தேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் பம்ப்பைக் கழற்றவே இல்லை. வண்டியிலேயே வைத்து மூடியை மட்டும் திறந்திருக்கிறீர்கள். வாஷர் மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்ட வேண்டும்தான், அதற்கும் கால்மணி நேரம் போதும். நீங்கள் மதியம் வரை அங்கேயே இருந்தீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங் மாட்டுகிற ஆள் நீங்கள். ஐந்நூறு பம்ப்புக்கு மேல் நான் அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கை சொந்த வண்டியில் போய் மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருக்கிறது. நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் பயந்துபோய், என்னம்மா உடைந்துவிட்டதா என்று கேட்டாள். ஒன்றும் உடையவில்லை என்றேன். கண்ணாடியை ஆட்டாமல் பிடி என்று அவளை அதட்டினேன். அவள் ஆட்டவே இல்லை.

அன்று காலையில் பெட்டியோடு நீங்கள் வாசலில் இறங்கியபோது முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நல்ல வேலை கிடைத்த ஆள் போலப் போனீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக எனக்கு அந்தக் கோபம்தான். போவதற்கென்றே காத்திருந்தவர் என்று நினைத்தேன். பெரிய பெஞ்ச், பெரிய ரூம், எங்கள் நினைவே இல்லை என்று நினைத்தேன். கை தடுமாறி மாட்டிய அந்த ஒரு ஸ்பிரிங்கைப் பார்த்தபின் என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. உங்களுக்குப் போக மனமில்லை. நான் நிறுத்துவேன் என்றுதான் வந்து கேட்டிருக்கிறீர்கள். நான் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்கை முதல் ஓட்டைக்கு மாற்றினேன். வாஷர் உள்ளே விழுந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன். ஹேண்ட் பிரைமரை அடித்து அடித்துக் காற்றை எடுத்தேன், கை இன்னும் வலிக்கிறது. நிறுத்துகிற கம்பி வேலை செய்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். உள்ளே ஏதாவது தப்பாக மாட்டியிருந்தால் என்ஜின் அடங்காமல் ஓடிவிடும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, ஏர் கிளீனர் வாய்க்குப் பக்கத்தில் கையில் ஒரு பலகையோடு நிற்க வைத்தேன், அடங்காவிட்டால் உடனே வாயை அடைக்கச் சொல்லி. அவர் யுத்தத்துக்குப் போகிற மாதிரி நின்றார்.

சாவியைத் திருப்பினேன். ஒருமுறை ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை. அப்படியே நின்று, ஒரே சீராக, கடிகாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. உங்கள் தம்பி பலகையைக் கீழே போடவே மறந்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்துச் சின்னவள்தான் ‘அம்மா, இப்ப வண்டி போர் அடிக்குது’ என்றாள்.

சனிக்கிழமை மாலைக்குள் நம் நிலத்தில் பாதி உழுதாகிவிட்டது. ஒரே ஆழம், ஒரே நேர். ‘சுத்தியல்’ வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். காற்று எடுத்தோம் என்றேன். அவருக்கு உண்மை தெரிய வேண்டாம். உங்கள் நட்சத்திரத்தின் மரியாதை அப்படியே இருக்கட்டும்.

வண்டி சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. நேற்று போனில் இதையெல்லாம் சொல்லிவிடத்தான் இருந்தேன். நீங்கள் ‘வண்டி எப்படி இருக்கு’ என்றீர்கள். சரியாகிவிட்டது என்றேன். எப்படி என்றீர்கள். பின்னால் யாரோ இருமினார். ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிமிடமும் போய்விட்டது. போனை வைத்த பிறகு வாசலுக்கும் பின்வாசலுக்குமாக எத்தனை முறை நடந்தேன் என்று பெரியவளைக் கேளுங்கள், எண்ணியிருப்பாள்.

அங்கே உங்களுக்கு நல்ல வேலை, எனக்குத் தெரியும். கொட்டகையில் உட்கார்ந்து கண் நோக வேலை செய்தவருக்கு அந்த பம்ப் ரூம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். அதை விட்டுவிட்டு வரச் சொல்வது சின்ன விஷயமில்லை. அதனால்தான் ‘உங்கள் விருப்பம்’ என்று எழுதினேன். அது பொய். எனக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. பதினான்கு வருடத்தில் அதை ஒருமுறையாவது நேராகச் சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு, அந்தத் ‘தானே’வை எடுத்துவிட்டு, இப்போது பதில் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. போகட்டுமா என்று அன்று கேட்டதற்கும் அதே பதில்தான். யார் உங்கள் கையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன் அல்லவா? நான்தான். அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும்.

லாரிக்கார அண்ணன் ஹாரன் அடிக்கிறார். நோட்டில் அந்தப் பக்கத்தை நான் நிரப்பவில்லை, நீங்கள் வந்து ‘எழுதிக்கோ’ என்று சொல்லாமல் எழுதமாட்டேன். பம்ப்பை மூடிவிட்டேன், நட்டை முறுக்கிவிட்டேன், ஆனால் சீல் மட்டும் வைக்கவில்லை. கம்பியும் ஈயமும் உங்கள் மேஜை டிராயரில் இருக்கின்றன, நட்சத்திர அச்சும் அங்கேதான் இருக்கிறது. யாரையும் தொட விடமாட்டேன். வந்து நீங்களே வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில்